அப்பாவின் பிரஷர் கிளினிக்கில் 168, வீட்டில் 130. எதை நம்புவது?

வள்ளி_சுங்கைசிப்புட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றிய பிறகு கொஞ்ச காலம் குலை வெட்டும் வேலையும் பார்த்தார். இப்போது சுங்கை சிப்புட் டவுன் பக்கத்துத் தாமானில் எங்களோடு இருக்கிறார். அரசாங்க கிளினிக்கில் அம்லோடிபின் 10, பெரிண்டோபிரில் 4 என்று இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், கிளினிக் போகும்போதெல்லாம் மேல் எண் 165, 168 என்று நிற்கிறது. மிஸ்ஸி (நர்ஸ்) முகத்தைச் சுளிக்கிறார், டாக்டர் மருந்தைக் கூட்டப் பார்க்கலாம் என்கிறார். வீட்டில் அளந்தால் 128, 132. அப்பா அந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டி "பார், எனக்கு ஒன்றுமில்லை" என்று சட்டம் பேசுகிறார். அந்த 128 எப்படி வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் பசியாறி, கோப்பி குடித்து, டிவி செய்தி பார்த்துக்கொண்டே அளப்பார். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, பட்டையைக் கட்டி, கையைத் தொடைமேல் போட்டுக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டே பட்டனை அழுத்துவார். முதலில் 151 வரும், திரும்ப அழுத்துவார், 140 வரும், இன்னொரு தடவை அழுத்துவார். எது குறைவோ அதுதான் நோட்டில் ஏறும்.

இன்னொன்று, ரத்தம் எடுக்கிற நாளில் வெறும் வயிறு என்று மாத்திரையையும் போடாமல்தான் கிளினிக் போவார். மற்ற நாளிலும், "தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, எதற்கு மாத்திரை" என்று சில நாள் விட்டுவிடுவார். ஒருதரம் தொடங்கினால் சாகும்வரை சாப்பிட வேண்டும், கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டு அங்கிள் வேறு ஏற்றிவிட்டிருக்கிறார். டாக்டர் மருந்தைக் கூட்டினால் அதை எப்படிச் சாப்பிட வைப்பது? உண்மையில் கூட்டத்தான் வேண்டுமா?

பழைய_டிரெசர்:

ஏம்மா வள்ளி, நான் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பா மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போதைக்கு கிளினிக் எண்ணையும் நம்பாதே, வீட்டு எண்ணையும் நம்பாதே. இரண்டுமே தப்பாக அளந்தது.

கிளினிக் கதையை முதலில் பார்ப்போம். அன்று காலை மாத்திரை போடவில்லை, முந்தின நாள் போட்டாரா என்பதும் சந்தேகம். மோட்டாரில் வெயிலில் வந்து, நம்பர் எடுத்து, மூச்சு வாங்கும்போதே மெஷினில் கையை விட்டிருப்பார். 168 வராமல் என்ன வரும்? ரத்தம் எடுக்கும் நாளில் பட்டினி என்பது சாப்பாட்டுக்கு. பிரஷர் மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், அடுத்த தடவை அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரையும் ஊசியும் வேறு விஷயம், பட்டினியில் அதைப் போட்டால் சிலர் மயங்கிவிடலாம்.

இப்போது வீடு. சட்டைக் கையைச் சுருட்டினால் அது புஜத்தில் கயிறு கட்டிய மாதிரி இறுக்கும், சட்டையைக் கழற்றிவிட வேண்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் கோப்பியும் சிகரெட்டும் கூடாது, மூத்திரத்தை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. முதுகு சாய்கிற நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் வேண்டாம். முழங்கையை மேசையில் வைத்தால் பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும். கை தொடையில் கிடந்தால் எண் ஏறித்தான் காட்டும், நெஞ்சு மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தாலே மேல் எண் 7, 8 கூடிவிடும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பட்டனை அழுத்தலாம். டிவியை அணைத்துவிடு. பேச்சும் வேண்டாம், அவர் பேசினால் மட்டும் இல்லை, நீ கேள்வி கேட்டாலும் ஏறும்.

காலையில் மாத்திரைக்கும் பசியாறுவதற்கும் முன்னால் இரண்டு தடவை, இடையில் ஒரு நிமிடம் விட்டு. இரவிலும் அப்படியே. ஒரு வாரம் செய்யுங்கள். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தால் அதுதான் அவருடைய பிரஷர். வீட்டில் 135/85 தொட்டால் அதிகம் என்று கணக்கு, கிளினிக்கில் 140/90. இரண்டுக்கும் கோடு வேறு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது, வீட்டில் 138 பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

நோட்டை நீயே எழுது. குறைந்ததைப் பொறுக்குகிற வேலையெல்லாம் வேண்டாம். மெஷினில் மெமரி இருக்கும், அதையே கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டு, அப்பா முதல் இரண்டு தடவை அழுத்தியதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

லாரிக்கார_மணி:

டிரெசர் ஐயா சொன்னதற்கு மேலே நான் என்ன சொல்வது, ஆனால் தலைவலி இல்லாவிட்டால் பிரஷர் இல்லை என்கிற பேச்சை மட்டும் விடுங்கள். டயரில் காற்று கூடினால் லாரி சொல்லிக்கொண்டா ஓடுகிறது? எனக்கு 52 வயதில் கண்டுபிடித்தார்கள், சரக்கு லாரி ஓட்டுகிற ஜிடிஎல் லைசன்சைப் புதுப்பிக்க மெடிக்கல் செக்கப் போனபோது. ஒரு வலியும் கிடையாது.

மாத்திரை பற்றி ஒன்று. பெரிண்டோபிரில் எனக்கு ஒத்துவரவில்லை. வறட்டு இருமல், ராத்திரி படுத்தால் தொண்டையில் யாரோ இறகு விட்டுக் குடைகிற மாதிரி. இருமல் மருந்து வாங்கி வாங்கிக் குடித்ததுதான் மிச்சம். கடைசியில் கிளினிக்கில் சொன்னதும் லோசார்ட்டானுக்கு மாற்றினார்கள், கொஞ்ச வாரத்தில் போய்விட்டது. அம்லோடிபின் 10 போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் வளையம் பதிந்திருக்கும். உங்கள் அப்பா மாத்திரையை விடுகிற நாளெல்லாம் இப்படி ஏதாவது ஒன்றால் இருக்கலாம். நம்ம ஆம்பளைகள் அதைச் சொல்ல மாட்டார்கள், பேசாமல் நிறுத்திவிடுவார்கள். கேட்டுப் பாருங்கள்.

மூலிகை_ராஜா:

எதற்கு இவ்வளவு சிரமம்? காலையில் வெறும் வயிற்றில் நாலு பல் பச்சைப் பூண்டு, சாயங்காலம் பூனைமீசை இலைக் கசாயம். எங்கள் வீட்டுப் பின்னாலேயே வளர்கிறது. என் மாமா இங்கிலீஷ் மருந்தை எல்லாம் நிறுத்திவிட்டு இப்போது ஜம்மென்று இருக்கிறார். கெமிக்கல் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் நம் ஆட்கள் டயாலிசிஸில் போய் உட்காருகிறார்கள்.

மருந்தாளர்_ஈப்போ:

ராஜா அண்ணே, மாமா நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் கடைசியாக எப்போது அளந்தார் என்று கேளுங்கள். ஜம்மென்று இருப்பது பிரஷருக்கு அத்தாட்சி இல்லை.

டயாலிசிஸ் விஷயத்தைத் தலைகீழாகச் சொல்கிறீர்கள். நம் மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இனிப்புநீரால் கிட்னி கெட்டவர்கள், அதற்கு அடுத்த காரணம் பிரஷர்தான். பெரிண்டோபிரில் வகை மாத்திரையைக் கிட்னியைக் காப்பாற்றவே கொடுப்பதும் உண்டு. தொடங்கிய புதிதில் ரத்தம் எடுத்துக் கிட்னி எண்ணையும் பொட்டாசியத்தையும் பார்ப்பார்கள், அந்தப் பரிசோதனையைக் கேட்டுத்தான் "மருந்தால் கிட்னி போச்சு" என்று கதை கிளம்புகிறது.

பூண்டு சமையலில் நிறையப் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. அது மாத்திரையின் இடத்துக்கு வராது. பூனைமீசையில் பொட்டாசியம் இருக்கிறது, பெரிண்டோபிரிலும் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். கிட்னி ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு வரைக்கும் போய்த் தொடும். தினமும் இளநீர் குடிக்கிற பழக்கமும், சூப்பர்மார்க்கெட்டில் சோடியம் குறைத்தது என்று விற்கிற உப்பும் இதே கணக்குதான், கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

வள்ளி, உங்களிடம் ஒரு கேள்வி. பால் வெட்டியவர் என்கிறீர்கள், செம்பனைக் குலையும் வெட்டியிருக்கிறார். முட்டி வலி, இடுப்பு வலி இல்லாமல் இருக்காது. அதற்கு என்ன சாப்பிடுகிறார்?

வள்ளி_சுங்கைசிப்புட்:

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! வலது முட்டி சுத்தமாக முடியவில்லை அவருக்கு. கடையில் ஏதோ வலி மாத்திரை வாங்குவார், அட்டையில் டைக்லோஃபெனாக் என்று போட்டிருக்கிறது. அப்புறம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு ஆள் விற்கிற மூட்டு கேப்சூல், சின்ன பிளாஸ்டிக் டப்பா, மேலே மரத்து வேர் படம். அதைச் சாப்பிட்டால் இரண்டே நாளில் படி ஏறுகிறேன் என்பார். முகம் கூட உப்பி வருகிறது, நான் நல்லா சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருமல் பற்றியும் கேட்டேன். இல்லையாம். ஆனால் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் கண் இருட்டுகிறது என்கிறார். இதைக் கிளினிக்கில் சொன்னீர்களா என்றால், அவர்கள் கேட்கவில்லையே என்கிறார்.

மருந்தாளர்_ஈப்போ:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

டைக்லோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்து பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரை செய்கிற வேலையைக் கெடுக்கும், பெரிண்டோபிரிலோடு சேர்ந்தால் கிட்னிக்கும் கேடு. ஒரு பக்கம் இறக்க மாத்திரை, மறு பக்கம் ஏற்ற மாத்திரை. இது தெரியாமல் டாக்டர் டோஸைக் கூட்டினால் என்ன ஆகும்? ஒரு நாள் அப்பா வலி மாத்திரை வாங்க மறந்தால் பிரஷர் கீழே விழும், ஆளும் விழுவார்.

அந்த வேர் படம் போட்ட டப்பாதான் எனக்கு அதைவிடப் பயம். இரண்டே நாளில் வலி மாயமாகிறது, முகம் உப்புகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இப்படிக் கலந்த பாரம்பரிய மருந்துகளைப் பற்றி சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. பதிவு செய்த மருந்தின் பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும், எண்ணை மருந்துகளைப் பதிவு செய்கிற அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏவின் இணையப் பக்கத்தில் போட்டுத் தேடினால் அதே மருந்தின் பெயர் வர வேண்டும். ஸ்டீராய்டு பிரஷரையும் ஏற்றும், சர்க்கரையையும் ஏற்றும்.

ஆனால் இன்றைக்கே பிடுங்கித் தூக்கிப் போடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் ஒரேயடியாக இறங்குவது எல்லாம் வரும், சில சமயம் உயிருக்கே ஆபத்து. டப்பாவையும் வலி மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு நாளைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், அடுத்த அப்பாயின்மென்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். திட்டுவார்கள் என்று அப்பா மறைக்கப் பார்ப்பார். நீங்கள் கூடப் போங்கள்.

எழுந்தால் கண் இருட்டுவதையும் அளந்து பார்க்கலாம். ஐந்து நிமிடம் உட்கார வைத்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை. நிற்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டர் மருந்தைத் தொடும் முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதுவரைக்கும் ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும்.

சரோ_கோலகங்சார்:

முட்டிக்கு நான் ஒன்று சொல்லலாமா? என் மாமியாருக்கும் இதே கதை. பாரசிட்டமால் பரவாயில்லை என்றார்கள், ஆனால் தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரைகிற வகை வேண்டாமாம், அதில் சோடியம் நிறைய. அப்புறம் ஆஸ்பத்திரியில் பிசியோவுக்கு எழுதிக் கொடுத்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிற பயிற்சி. முதலில் அழுதுகொண்டே செய்தார், இப்போது கோயிலுக்கு நடந்து போகிறார்.

சாப்பாட்டையும் யாரும் பேசவில்லையே. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. நம் நாட்டில் ஆள் ஒன்றுக்குச் சுமார் 8 கிராம் போகிறது. தோட்டத்து நாக்கு தெரியும்தானே, கருவாடு, பெலாச்சான் சம்பல், ஊறுகாய், அப்பளம். மரம் வெட்டி வேர்த்துக் கொட்டிய காலத்தில் பழகிய உப்பை இப்போது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் கேட்கிறது அந்த நாக்கு. ஒரேயடியாக நிறுத்தினால் தட்டைத் தள்ளிவிடுவார்கள். நான் மாமியாரிடம் சொல்லாமலே குழம்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், லீமாவும் மிளகும் கொஞ்சம் தூக்கலாக. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொரிப்பேன், அதுவும் எப்போதாவது. கிச்சாப் போத்தலை மேசையிலிருந்து எடுத்தாச்சு. மேகி தின்றால் சூப்பைக் குடிக்காதீர்கள், உப்பெல்லாம் அதில்தான்.

பழைய_டிரெசர்:

மருந்தாளர் தம்பி கேட்டது சரியான கேள்வி. சளிக்குக் கடையில் வாங்குகிற மாத்திரையையும் கவனி வள்ளி, மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின் கலந்தது பிரஷரை ஏற்றும். அப்புறம் அப்பா சம்சு (மலிவுச் சாராயம்), பியர் குடிக்கிற ஆளா? அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அளக்கும்போது எப்போதாவது 180க்கு மேல் காட்டினால் பதறாதே, ஐந்து நிமிடம் உட்கார வைத்துத் திரும்ப அள. அப்போதும் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் தூக்க முடியாமல் போவது என்று எது இருந்தாலும் 999க்கு அடித்து ஆம்புலன்சைக் கூப்பிடு. எண்ணெய் தேய்த்துவிடுவது, நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பது, அண்ணன் வரட்டும் என்று காத்திருப்பது எதுவும் வேண்டாம். வாய் கோணியது எத்தனை மணிக்கு என்று பார்த்து வை, ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஆமாம், உனக்கு வயது என்ன? அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் சுமார் 29 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது என்று வந்தது. 40 தாண்டி, அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை கிடைக்கிற குடும்பம் என்றால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாகவே பரிசோதனை செய்துகொள்ளலாம், பதிவு செய்த தனியார் கிளினிக்கிலும் பார்ப்பார்கள்.

வள்ளி_சுங்கைசிப்புட்:

45 ஐயா. இன்னும் அளந்ததே இல்லை. நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன், டப்பா பைக்குள் போயாச்சு, அப்பா "எதற்கு அதையெல்லாம் தூக்குகிறாய்" என்று கத்திக்கொண்டிருக்கிறார். இன்னொன்று, அப்பா அடிக்கடி ஜொகூர் கூலாயில் அண்ணன் வீட்டுக்குப் போய் வாரக்கணக்கில் இருந்துவிடுவார், மாத்திரை தீர்ந்தால் திரும்பி வந்துதான் எடுப்பார். அதற்கு வழி உண்டா?

மருந்தாளர்_ஈப்போ:

உண்டு. கிளினிக் மருந்தகத்தில் எஸ்பியூபி, அதாவது வேறு ஊர் கிளினிக்கில் மருந்து எடுக்கிற வசதி, வேண்டும் என்று சொல்லுங்கள், கூலாய் பக்கத்து அரசாங்க கிளினிக்கிலேயே மிச்ச மாத மருந்தை எடுக்க ஏற்பாடு செய்து தருவார்கள். மருந்து தீர்வதற்கு முன்பே கேட்க வேண்டும்.

லாரிக்கார_மணி:

நடுவில் ஒரு கேள்வி. என் வீட்டுக்காரி மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் வாங்கி வைத்திருக்கிறாள், லாரியில் வைக்க வசதி. அது சரிப்படுமா?

பழைய_டிரெசர்:

மணி, மணிக்கட்டு மெஷின் கை கொஞ்சம் இறங்கினாலே தப்பாகக் காட்டும். புஜத்தில் கட்டுகிறதை வாங்கு. வாங்கும் முன் புஜத்தைச் சுற்றி டேப் வைத்து அள, சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22இலிருந்து 32 சென்டிமீட்டர் வரைக்கும்தான். உன் கை 34, 35 இருந்தால் பெரிய பட்டை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், சின்னதைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். முதல் தடவை இரண்டு கையிலும் பார், எந்தக் கையில் அதிகமோ அதிலேயே பிறகு எப்போதும் அள. லாரியை நிறுத்திய உடனே அளக்காதே.